பட்டுப்புழு வீட்டு வாசல்

கொரோனாவால் ஊரெல்லாம் லாட்ஜுகள் காற்று வாங்குகின்றன. பாப்பாரப்பட்டி அருகே, மல்பெரித் தோட்டத்து நடுவிலிருக்கும் இந்தப் பண்ணை வீட்டில் மட்டும் அறைக்குக் காத்திருந்து வந்திருக்கிறேன். வாசலில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தட்டு. பாதத்தை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

“கொரோனாவுக்காக வெச்சதா?” என்கிறேன்.

“புழு வளக்கற வூட்ல இது எப்பவும் இருக்கறதுதானுங்க. இதப் பாத்துதான் நம்பி வர்றாங்க. பட்டுக்கூடு வெல வுழுந்து கெடக்கற இந்த வருசத்துல, வாடகைக்கு வுடற ரெண்டு ரூமுதான் எங்களக் கரையேத்துது,” என்கிறார் பண்ணைக்காரர் சாந்தி, தலைநிமிர்ந்து.

புழுக்களைப் பார்க்கலாமா என்று கேட்கிறேன்.

“தோட்டத்துல எங்க வேணா சுத்துங்க. புழு இருக்கற எடத்துக்கு மட்டும் வேணாங்க. நீங்க சென்னையிலருந்து வந்திருக்கீங்க, புழுவுக்கு எதாவது ஒட்டிக்கும்.”