பேஷண்ட் நாற்காலி

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் நியூட்ரிஷன் படித்தேன். டயட் கவுன்சலிங் பிராக்டிகல் என்று வாரம் ஒரு வகுப்பு. ஒருத்தி டயட்டீஷியன், ஒருத்தி பேஷண்ட். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். பேஷண்டாக நடிப்பவள் தன் உபாதை என்ன என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்வாள். டயட்டீஷியன் கேட்டுக் கேட்டு அதை வெளியே கொண்டுவர வேண்டும். வகுப்பிலேயே குண்டு நான்தான். அதனால் வருஷம் பூராவும் பேஷண்ட் நாற்காலியை எனக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"நீ உக்காந்தா நேச்சுரலா இருக்குடி" என்பார்கள். காலையில் இரண்டு இட்லி என்று சொன்னால் சிரிப்பார்கள். நிஜமாகவே இரண்டுதான் சாப்பிடுவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டயட்டீஷியனாக ஒரு தடவையாவது உட்காராதவளை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள். பயிற்சி இல்லாவிட்டால் படித்ததே தண்டம். எனக்கும் ஒரு முறை கொடுங்கள் என்று வகுப்பு நடத்தும் மேடத்திடம் போய்க் கேட்டேன். அவர் பெங்களூரிலேயே தொம்மலூர்ப் பக்கத்துத் தமிழர். வகுப்பில் இங்கிலீஷ், தனியாகப் பேசினால் தமிழ்.

"கொஞ்சம் எளச்சிட்டு வாம்மா. உன்னப் பாத்தா பேஷண்ட் நம்புவாங்களா?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வகுப்பில் வழக்கம்போல் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். முதலில் டயட்டீஷியனாக வந்தவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எண்ணெயைக் குறைக்க வேண்டும், கப்பன் பார்க்கில் நடக்க வேண்டும் என்றாள். அடுத்தவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னாள். "ஸ்வீட்டை மறந்துடுங்க ஆண்ட்டி" என்று மூன்றாமவள் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

நான் எழுந்திருக்கவில்லை. பேஷண்டாகவே பேசினேன்.

"ஒரு வாரமா வாந்தி எனக்கு. கஞ்சித் தண்ணிகூட வயித்துல நிக்கல. அதுக்குத்தான் வந்தேன். எதுக்கு வந்தேன்னு ஒருத்தியாவது கேட்டீங்களா? இருக்கற சோத்தையும் நிறுத்தச் சொல்றீங்க."

மேடம் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. அடுத்த வாரம் நீ டயட்டீஷியனா இரு."

"அடுத்த வாரம் வேணாம் மேடம். இப்பவே."

எதிர் நாற்காலிக்குப் போய் நின்றேன். அங்கிருந்தவள் தானாக எழுந்து நகர்ந்தாள். பேஷண்டாக யாரைக் கூப்பிடுவது என்று மேடம் வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. நான் வருஷம் பூராவும் உட்கார்ந்த இடம் அவர்களுக்கு அத்தனை கேவலம்.

"நீங்களே வாங்க மேடம்" என்றேன்.

மேடம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.