தூத்துக்குடியில் கப்பலேறிய அப்பம்

புனேயின் போபோடி பகுதியில் வாழும் ஆரோக்கியமணியின் வரலாற்றை யாராவது எழுதியாக வேண்டும். பொறுப்பை நான் ஏற்கிறேன். தொழிற்சாலை கேன்டீனிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சிய ஒரே பதவி, கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அப்பம் சுடுவது. முதல் அப்பம் ஃபாதருக்கு. அதை நீட்டும்போது அவர் முகத்தில் வரும் பணிவு பிஷப்புகளுக்கே வராது.

பதவிக்கு ஆபத்து மருமகள் உருவில் வந்தது. கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மகன் ஜேடன், கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரி மரிசெல்லைக் கட்டிக்கொண்டு வந்தான். அவள் ஊரில் கிறிஸ்துமஸை ஒட்டிய விடியற்காலைப் பூசைகள் முடிந்ததும் கோயில் வாசலில் பிபிங்கா என்றொரு பலகாரம் விற்பார்களாம். ஊறவைத்து அரைத்த அரிசி, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை. வாழை இலை விரித்த மண்சட்டி. கீழேயும் கரி நெருப்பு, மூடிமேலும் கரி நெருப்பு. கோயில் பெண்கள் இந்த வருடம் அதுதான் வேண்டும் என்றுவிட்டார்கள்.

ஆரோக்கியமணி சில நாள் ஆராய்ந்தார். முடிவு வெளியானது. அரிசி நம்முடையது, தேங்காய் நம்முடையது, வாழை இலையைச் சொல்லவே வேண்டாம். எனவே பிபிங்கா என்பது தூத்துக்குடியில் கப்பலேறிய அப்பம். சுடும் உரிமை அவருக்கே. ஆதாரம் கேட்ட மனைவி கிளாரிசாவிடம், அந்தக் காலத்தில் கப்பல் போனதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார். போனது உண்மைதான்.

மரிசெல் வாதாடவில்லை. ஆளுக்கொரு சட்டி என்று முடிவாயிற்று. பிபிங்காவின் மேலே வைக்க அவள் எப்போதோ வாத்து முட்டைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள்.

வருடா வருடம் அப்ப மாவு, கிளாரிசாவின் கேக் வேகும் அடுப்புக்குப் பக்கத்தில் சுகமாகப் பொங்கும். இம்முறை ரகசியம் மருமகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அவர் பானையை மாடிப்படிக்கு அடியில் ஒளித்தார். புனேயின் டிசம்பர் குளிருக்குப் பாதுகாப்பாகத் தம் ஸ்வெட்டரைப் போர்த்தி, மங்கி கேப்பும் மாட்டினார். காலையில் பார்த்தால் மாவு முழு உடுப்போடு படுத்தே கிடந்தது.

அதையே தம் பிபிங்கா சட்டியில் ஊற்றிச் சுட்டார். ஃபாதர் ஒரு கடி கடித்து, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"கொஞ்சம் கெட்டியா இருக்கே, மணி."

"இது பிலிப்பைன்ஸ் பலகாரம் ஃபாதர். அப்படித்தான் இருக்கும்."

அடுத்து மரிசெல்லின் மூடி திறந்தது. பூவாக உப்பி, மேலே பொன்னாகச் சிவந்து, உப்பு முட்டைத் துண்டும் வெண்ணெயும் தேங்காய்த் துருவலுமாக. ஃபாதர் சாப்பிட்டார், இன்னொன்று கேட்டார்.

"இதுதான் ஃபாதர், எங்க அப்பம்," என்றார் ஆரோக்கியமணி.

"ஏங்க, நீங்க சுட்டா பிலிப்பைன்ஸ், அவ சுட்டா அப்பமா?" என்றாள் கிளாரிசா.

அதற்குள் வரிசை கோயில் கேட்டைத் தாண்டியிருந்தது. மரிசெல் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டினாள்.

"சரி மாமா, அப்பம். மேல நெருப்பு அணையுது. நீங்க விசிறுங்க."

அவர் ஒரு அட்டையை எடுத்து மூடிமேல் இருந்த கரியை விசிறத் தொடங்கினார். அடுத்த சட்டி வெந்து இறங்குவதற்குள், பலகாரத்தின் சூட்சுமமே மேல்நெருப்பில்தான் இருக்கிறது என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விளக்கி முடித்திருந்தார்.