கலியாணக் கோடு

அந்த முதுகை நான் முதலில் கணினித் திரையில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே பொய். 2010இல், அகதியாக வந்த எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லா சப்பலில் ஒரு வீடியோக் கடையில் எனக்கு வேலை. முதலாளி படம் எடுப்பார், நான் நிறம் திருத்துவேன். திரையில் ஒரு சதுரம் இருக்கும். அதற்குள் மூலைக்கு மூலை ஒரு கோடு. கோட்டின் நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் படம் வெளுக்கும், கீழே இழுத்தால் கறுக்கும். எங்கள் சனத்துக்குப் பொம்பிளை வெள்ளையாக இருக்கவேண்டும். மாப்பிள்ளையும் இருந்தால் இன்னும் நல்லது. ஆகவே கோட்டை நன்றாக மேலே வளைத்து, 'கலியாணம்' என்று பெயரிட்டுச் சேமித்து வைத்திருந்தேன். எந்தப் படம் வந்தாலும் முதலில் அதைத்தான் போடுவேன். பரு, தழும்பு, களைப்பு எல்லாம் ஒரே இழுப்பில் போய்விடும். அதில் எனக்குப் பெருமை வேறு.

வன்னியிலிருந்து வந்து பொண்டிப் புறநகரில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்த ஒருவன், அகதி விண்ணப்பத்துக்காக முதுகைப் படம் எடுக்க வந்தான். போர் முடிந்தபின் தடுத்து வைத்திருந்த இடத்தில் அடித்த தழும்புகள். முதலாளி எடுத்தார். நான் பூப்படைந்த பிள்ளை ஒன்றின் சாமத்தியவீட்டுப் படங்களோடு அதையும் சேர்த்து, மொத்தமாகக் 'கலியாணம்' போட்டு, மூலப் படத்தின் மேலேயே சேமித்து அச்சிட்டேன். இடம் மிச்சம் பிடிக்க அதுதான் கடை வழக்கம். அவன் படத்தை வாங்கிப் பார்த்தான். தன் முதுகை அவன் என்றைக்குக் கண்டான்? நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சில மாதங்களில் நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தான்.

"படத்தில ஒண்டும் தெரியேல்லையாம் அக்கா. உங்களுக்குத் தெரியுதோ?"

கணினியைத் திறந்தேன். வழவழவென்று ஒரு முதுகு. புதிதாக ஒரு படம் எடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எடுத்தால் முதலாளி ஏன் என்று கேட்பார், இவனும் கேட்பான். என் பிழை வெளியே வந்துவிடும் என்ற பயத்தில், "அச்சு சரியில்லைப் போல, இருங்கோ தம்பி" என்று சொல்லிக் கோட்டைக் கீழே இழுத்தேன். தழும்புகள் மெல்ல எழுந்தன. போதாது போலிருந்தது, இன்னும் இழுத்தேன். வெளுத்து அழிந்தது முழுதாகத் திரும்பாது என்பது எனக்குத் தெரியாததா? தழும்போடு தழும்பாக, அவன் முதுகில் இல்லாத கறைகளும் வந்து நின்றன. அதைத்தான் மேல்முறையீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

"அவொக்கா ஏசுறா அக்கா" என்று அடுத்த முறை வந்து தன் வக்கீலைப் பற்றிச் சொன்னான். "நீதிபதியள் ரெண்டு படத்தையும் பக்கத்தில வைச்சுப் பாத்துக் கள்ளப் படமெண்டிட்டினம். சேட்டைக் கழட்டிக் காட்டட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமெண்டிட்டினம்."

நாட்டைவிட்டு வெளியேறு என்ற கடிதமும் வந்துவிட்டது. என் மேல் அவனுக்குத் துளி சந்தேகமில்லை. அதுதான் என்னைத் தின்றது. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

ஆவணியில் கோயில் தேர். அதை வீடியோ எடுக்க முதலாளி அனுப்பி, ரூ பஜோல் தெருவில் கமராவோடு நின்றேன். தெருவின் இரு கரையிலும் பொலிஸ். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் நின்றார்கள், ஆனாலும் அவன் இந்தப் பக்கம் வந்துவிடக்கூடாதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு முன்னால், வேட்டியும் வெறும் மேலுமாக வடம் பிடித்து அவன் வந்தான். அந்த முதுகை அன்றுதான் உள்ளபடி பார்த்தேன். வெயிலில் ஒவ்வொரு தழும்பும் தெரிந்தது. நான் கொடுத்த இரண்டு படங்களிலும் இருந்தது இந்த முதுகு இல்லை.

தேர் தரித்த இடத்தில் என்னைக் கண்டு கிட்ட வந்தான்.

"அக்கா, நான் வாற வீடியோத் துண்டை ஒரு சீடீயில போட்டுத் தாங்கோ, அம்மாவுக்கு அனுப்போணும். முதுகை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ. பாத்தா அழுவா."

"ஓம் தம்பி" என்றேன்.

அடுத்த நாளே 'கலியாணம்' போட்டேன். முதுகு துடைத்துவிட்டது போலானது. சனிக்கிழமை வருகிறேன் என்றவன் வரவில்லை. கைபேசி அணைந்திருந்தது. பொண்டிக்குப் போனேன். அவனுடைய சப்பாத்து அறை வாசலில் கிடந்தது. அவன் எங்கே என்று கூட இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அவர்களிடம் தாயின் விலாசத்தை வாங்கி, சீடீயைத் தபாலில் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துத் தாய் கடைக்குத் தொலைபேசி எடுத்தார். மகன் தேருக்குப் பிறகு பேசவில்லையாம். ஆனால் குரலில் கலக்கமில்லை.

"உங்கட படத்தைப் பாத்தாப் பிறகுதான் பிள்ளை எனக்கு நித்திரை வந்தது. முதுகில ஒரு காயமும் இல்லை. அவனை அடிச்சவங்கள் எண்டு சனம் சொன்னது பொய்தானே?"

"ஓம் அம்மா" என்றேன்.