செவலைக்கு நான் போட்ட முடிச்சு

தென்காசியில் சிற்றாற்றங்கரைத் தெருவில் நாங்கள் குடியிருந்த காலத்தில், என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. ஐப்பசி பிறந்தால் போதும், மாடுகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்துவிடுவார். பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே தெருவுக்குப் பின்னால் இருந்த பொத்தையில் ஏறுவார். நாலு பனை உயரத்துக்கு ஒரு பாறைக்குன்று, அவ்வளவுதான். அவர் பின்னால் இரண்டு உழவு மாடு, ஒரு பசு, அதன் கன்று, கடைசியில் எங்கள் நாய். பெயரெல்லாம் வைக்கவில்லை. நிறத்தைச் சொல்லிச் செவலை என்று கூப்பிடுவோம்.

உச்சியில் மாடுகளுக்குப் புண்ணாக்கும் செவலைக்கு ஒரு கருவாட்டுத் தலையும் காத்திருக்கும். பத்து நாள் இப்படிப் பழக்கினால், பதினோராம் நாள் தாம்பாளச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் எல்லாம் தாமாகவே பொத்தையைப் பார்த்து நடக்கும். செவலை நடக்காது. பறக்கும்.

இது ஒன்றும் விளையாட்டல்ல. அவர் இளவட்டமாக இருந்தபோது ஒரு கார்த்திகையில் குற்றாலத்து மலையில் கொட்டிய மழை மொத்தமும் சிற்றாற்றில் இறங்கியதாம். ஆட்கள் தப்பித்துவிட்டார்கள். அவசரத்தில் தொழுவத்துக் கயிறுகளை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் முக்கால்வாசித் தொழுவங்களில் மாடுகள் கட்டுத்தறியிலேயே செத்துக் கிடந்தன.

"மாட்டுக்கு நீந்தத் தெரியும்ட்டி. தண்ணி கொல்லல. கயிறுதான் கொன்னுது" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மழை மாதம் இரண்டிலும் எந்த உயிரையும் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டக் கூடாது. நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துகொள்கிற முடிச்சுத்தான். வெள்ளம் வந்தால் மாடுகளை அவிழ்ப்பது அவர் வேலை. செவலையை அவிழ்ப்பது என் வேலை. நான் அந்தச் சட்டத்தை மீறினேன். ஏன் மீறினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கார்த்திகையில் என் மாமனாருக்குத் திதி வரும். அன்றைக்குச் சமைத்ததை முதலில் காக்கைக்கு வைத்து, அது கொத்திய பிறகுதான் வீட்டில் யாரும் வாயில் பருக்கை போடலாம். காக்கை ரூபத்தில் வருவது செத்தவர் என்று நம்பிக்கை. நாய் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. நான் சட்டத்தை மீறியதற்கு முந்தின வருஷத் திதியில் செவலை தன் கயிற்றை வாயால் இழுத்து அவிழ்த்துக்கொண்டு வந்து, காக்கைக்கு வைத்த சோற்றை இலையோடு நக்கிவிட்டது. திதிக்கு வந்திருந்த மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கய்யா பசியோட திரும்பிப் போயிட்டாரே! ஒரு நாயைக் கட்டிப் போடத் துப்பில்லாதவ எல்லாம் குடும்பம் நடத்துதா!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்த வார்த்தையை வருஷம் முழுவதும் வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அடுத்த திதியன்று விடியற்காலையிலேயே செவலையைத் தோட்டத்துக் கடைசிக்கு, ஆற்றோரத் தென்னைக்குக் கொண்டு போனேன். தேங்காய்த் தும்புக் கயிற்றில் ஒன்றுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டு, பல்லைக் கடித்து இறுக்கினேன். அது என் கையை நக்கிக்கொண்டு நின்றது. இந்தத் தடவை எப்படி அவிழ்ப்பாய் பார்க்கிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாளாக மழை. குற்றாலம் பக்கம் மலையே தெரியவில்லை. மதியம் இலை போட்டுக் கொல்லைச் சுவரில் சோறு வைத்தோம். நானும் மதினியும் மாறி மாறி, கா கா என்று தொண்டை கட்டும் மட்டும் கத்தினோம். கொட்டுகிற மழையில் எந்தக் காக்கை வரும்? அவர் ஈர வேட்டியோடு பசியில் நின்றார். சோறு மழையில் கரைந்துகொண்டிருந்தது. தோட்டத்துக் கடைசியிலிருந்து செவலை குரைத்தது. பிறகு ஊளையிட்டது. நிறுத்தவே இல்லை.

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. விறுவிறுவென்று போய், "ஏ சனியனே, வார காக்காயையும் நீதான் வெரட்டுத!" என்று கத்தி, கையில் அகப்பட்ட தேங்காய்ச் சிரட்டையை விட்டெறிந்தேன். அதன் நெற்றியில் பட்டது. வாலைக் குழைத்துக்கொண்டு தரையோடு ஒட்டிப் படுத்தது. அதன் காலடியில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு ஏறுவதைத்தான் அது இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. பாவி, திரும்பி வந்து மறுபடியும் காக்கையைக் கூப்பிட்டேன்.

சற்று நேரத்தில் தெருவில் ஒருவர், "செந்தண்ணி வருதுலே! மரமும் கல்லுமா வருது, ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு ஓடினார். என் வீட்டுக்காரர் தொழுவத்துக்குப் பாய்ந்தார். நாலு இழுப்பில் நாலு கயிறும் அவிழ்ந்தன. தாம்பாளத்தை எடுத்தவர், "செவலை?" என்றார். "நான் அவுத்துடுதேன், நீங்க போங்க" என்றேன். அவர் நம்பிப் போனார்.

மதினிக்கு முழங்கால் வாதம். அவளைத் தாங்கித் தெருவில் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். முழங்காலளவு தண்ணீர் இடுப்பளவானது. செவலை என்னைக் கண்டதும் குரைப்பதை நிறுத்திவிட்டது. நான் வந்துவிட்டேன் அல்லவா, இனி என்ன பயம் அதற்கு? முடிச்சில் கை வைத்தேன். தும்பு நனைந்து ஊறி உருண்டு கல்லாகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தேன். என் கன்னத்தை அது நக்கியது.

அந்த நேரம் பார்த்துத் தாம்பாளச் சத்தம் கேட்டது. பழகின நாய் அல்லவா, பொத்தையைப் பார்த்து ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. முடிச்சு இன்னும் இறுகியது. அரிவாள்மனையை எடுத்து வரலாம் என்று வீட்டுக்குள் ஓடினேன். எடுத்துக்கொண்டு திரும்பும்போது தோட்டத்துச் சுவர் சரிந்து ஆறு மொத்தமும் உள்ளே பாய்ந்துவிட்டது. யாரோ என் தலைமுடியைப் பற்றி இழுத்துப் போய்ப் பொத்தையில் ஏற்றினார்கள். அரிவாள்மனை என் கையில்தான் இருந்தது.

பொத்தை மேலிருந்து பார்த்தால் தென்னை தெரிந்தது. மாடுகள் எல்லாம் வந்துவிட்டன. செவலைக்காகத்தான் அவர் தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணீருக்கு மேல் அந்தத் தலை எங்களைப் பார்த்து ஒரு எம்பு எம்பும். கயிறு பின்னால் இழுக்கும். தலை முங்கும்.

"தட்டாதீங்க! ஐயோ, தட்டாதீங்க! அது கட்டிக் கெடக்கு!" என்று கத்தினேன்.

அவர் கை அப்படியே நின்றது. சத்தம் நின்றதும் செவலை எம்புவதை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பி இங்கும் அங்கும் பார்த்தது. எங்களைத் தேடியது. அதை அவரால் தாங்க முடியவில்லை. மறுபடியும், மெதுவாக, தட்டத் தொடங்கினார். அது எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தென்னையில் இரண்டாள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறும் வரை தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. அவர் மட்டும் தோட்டத்துக்குப் போனார். வரும்போது கழுத்துக் கயிற்றை அறுத்துச் செவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பிறகு நான் போய்ப் பார்த்தபோது தென்னையில் முடிச்சு அப்படியே இருந்தது. மூன்று முடிச்சு. அதைப் பார்க்காமல் அவர் கயிற்றை அறுத்திருக்க முடியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு அடி அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த வருஷத் திதிக்கு மழை விட்டு வானம் வெறித்திருந்தது. சுவரில் நாலு காக்கைகள் உட்கார்ந்திருந்தன. நான் முதல் பிடிச் சோற்றை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போய் வைத்தேன். மதினி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"ஏட்டி, எங்கய்யாவுக்கு வைக்கும் முன்ன நாய்க்கா?"

"ஆமா மதினி. நாய்க்குத்தான்."

அவள் தம்பியிடம் முறையிடத் திரும்பினாள். அவர் வீட்டுக்குள்ளிருந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். அந்த ஐப்பசியில் அதை அவர் தொடவே இல்லை. சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பொத்தைக்கு முகத்தைத் திருப்பி, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

தொழுவத்தில் மாடுகள் எழுந்து நின்றன.