லாரித் தண்ணி கவுன்சிலர்

கவுன்சிலர் உத்தியோகம் இன்னான்னு கேக்கறீங்களா? எந்தத் தெருவுல குப்ப அள்ளலனாலும், எந்தக் கம்பத்துல லைட்டு எரியலனாலும், காலங்காத்தால மொத திட்டு நம்ம வாசல்ல வந்து வுழும். அத்த வாங்கிகினு சிரிக்கணும், அவ்ளோதான் வேல. யாரோ செஞ்சதுக்குத் திட்டு வாங்கற பொழப்பு உங்களுக்கும் வாச்சிருந்தா வாங்க, பக்கத்துல குந்துங்க, நீங்களும் நம்ம கட்சிதான்.

ரெண்டாயிரம் பொறக்கறதுக்கு முன்ன பின்ன, எங்க வார்ட பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்குனாங்க. கடக்கரைல மீன் ஏலம் வுட்டுகினு இருந்த என்னைப் புடிச்சி நிக்க வச்சாங்க. ஜெயிச்சிட்டேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க, திருவொத்தியூருக்கும் எண்ணூருக்கும் நடுவுல ஒரு குப்பம்னு வச்சிக்குங்க. எங்க தோண்டுனாலும் உப்புத் தண்ணி. குடிக்க, சோறு பொங்க எல்லாத்துக்கும் நகராட்சி லாரிதான். அந்த லாரிய ஒருநாள் நிறுத்தப் பாத்தாங்க. அந்தக் கததான் இது.

கவுன்சிலர் எங்க?

ஜெயிச்ச புதுசு. எங்க தெருவுக்குத் தண்ணிக் கொயா, அதாங்க பைப்பு, போடறாங்கன்னு எடம் பாக்க எஞ்சினீயர் வந்தாரு. சின்ன வயசு, மரியாதயான ஆளு. நான் உள்ள மீன் கழுவிகினு இருக்கேன். எங்க வூட்டுக்காரரு வாசல்ல குந்தி, கிழிஞ்ச வலைய சரி பண்ணிகினு இருந்தாரு. எஞ்சினீயர் நேரா அவருகிட்ட போயி, "வணக்கம் கவுன்சிலர் சார்"னு ஆரம்பிச்சிட்டாரு.

பள்ளம் எந்தப் பக்கம், கொயா எத்தினி, சிமெண்டு எங்க எறக்கறது, எல்லாத்தயும் ஒப்பிக்கிறாரு. எங்காளும் ஊம் கொட்டிகினே கேக்கறாரு. எனக்கு உள்ள பத்திகினு வருது. வீதி வீதியா நடந்து ஓட்டு கேட்டவ நானு, ஊம் கொட்டறது இவரா? அருவாமனய வச்சிட்டு எழுந்திரிக்கறேன், அதுக்குள்ள எஞ்சினீயர், "அப்ப வேலய ஆரம்பிக்கலாமா சார்?"னு கேட்டாரு. எங்க வூட்டுக்காரரு வலைலேருந்து கண்ண எடுக்காம சொன்னாரு:

"நீ நல்லா சொன்ன நைனா, கேக்க சொகமா இருந்திச்சி. கவுன்சிலரு உள்ள மீன் கழுவிகினு கீது. வந்ததும் மறுக்கா ஒருவாட்டி மொதல்லேருந்து சொல்லிடு."

தெறப்பு விழா

கொயா போட்டாங்க. நகராட்சி சேர்மனு வந்தாரு. பந்தலு, மாலை, மேளம், ஜிலேபி. பைப்புக்கும் ஒரு மாலை போட்டோம். சேர்மன் நல்ல மனுசன்தான், இந்த ஊர்லயே பொறந்து வளந்தவரு, மாலையப் பாத்தா மட்டும் கொஞ்சம் மயங்கிடுவாரு. எல்லாரும் கை தட்ட, பைப்பத் தொறந்தாரு.

புஸ்ஸுன்னுச்சி. அப்றம் இன்னொரு புஸ்ஸு. எஞ்சினீயர் மொகம் வேர்த்துப் போச்சி. "பிரஷர் வரணும் சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க"ன்றாரு. வெயிட் பண்ணோம். மேளக்காரங்க ரெண்டு பாட்டு கூடுதலா வாசிச்சாங்க. ஒரு சொட்டு வரல. சேர்மன் கைய மட்டும் பைப்புக்கு அடில நீட்டிகினே போட்டோக்கு நின்னாரு. எங்க தெரு பவுனக்கா, மீன் கூடை தூக்கறவ, வாயத் தொறந்தா கடக்கரையே திரும்பிப் பாக்கும். அவ முன்னால வந்தா:

"நல்லாத்தான் வருது சார் காத்து. கடலு பக்கத்துல குந்திகினு கீற எங்களுக்கு அது ஒண்ணுதான் கொறச்சலா இருந்திச்சி."

வால்வுக்காரரு

அப்பவும் நான் நம்பிகினுதான் இருந்தேன். இன்னிக்கி வரும், நாளைக்கி வரும்னு தெருவுல எல்லாருக்கும் சமாதானம் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிது. ஒருநாள் தெருமுனைல இரும்பு மூடியத் தொறந்து வால்வு திருப்பிகினு இருந்தவர மடக்கிப் புடிச்சேன். "ஏம்பா, எங்க தெருவுக்கு மட்டும் தண்ணி வரமாட்டேன்னு இன்னா சபதமா போட்டுகினு கீது?"

அவரு சாவிய கீழ வச்சிட்டு, எனக்காகப் பாவப்பட்ட மாதிரி சொன்னாரு:

"மேல டேங்குலயே தண்ணி இல்லக்கா. உங்க கொயால வுட்டா ரோட்டுக்கு அந்தாண்ட கீறவங்க கொடத்தத் தூக்கிகினு என்னை அடிக்க வராங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

ஆல் பாஸ்

இப்ப மன்றக் கூட்டம் எப்டி நடக்கும்னு சொல்லணும். ஒரு ஆபீசரு தீர்மானத்தயெல்லாம் மூச்சு வுடாம படிப்பாரு. நடுவுல டீயும் போண்டாவும் வரும். படிக்கிறவரு முடிச்சதும் எல்லாரும் பெஞ்சத் தட்டி "ஆல் பாஸ்"னு கத்துவாங்க. முடிஞ்சிது. எது பாஸாச்சின்னு கேட்டா பாதி பேருக்குத் தெரியாது.

அன்னிக்கும் அப்டித்தான். போண்டா சூடா கீது, எல்லாரும் அதுல கவனமா கீறாங்க. ஆபீசரு படிக்கிறாரு: குப்பத்துக்குக் குழாய் வசதி செய்யப்பட்டுவிட்டபடியால் லாரித் தண்ணீர் நிறுத்தப்படுகிறது. கைல இருந்த போண்டாவ கீழ வச்சிட்டேன். லாரி நின்னா எங்க பொம்பளைங்க எண்ணூர் ரோட்டத் தாண்டிப் போயி தண்ணி தூக்கணும். அந்த ரோட்டுல ஆர்பருக்குப் போற கன்டெய்னர் வண்டிங்க எப்டி வரும்னு உங்களுக்கே தெரியும். வண்டி சக்கரம் ஒசரம் கூட இல்லாத புள்ளைங்களும் எங்க ஊர்ல கொடம் தூக்கும்.

எழுந்திரிச்சேன். மைக் வேல செய்யல. "ஆல் பாஸ்"னு எவனோ ஆரம்பிச்சிட்டான். மைக்க தூக்கிப் போட்டுட்டு, ஏலத்துல வுடற கொரல்ல ஒரு சத்தம் வுட்டேன் பாருங்க: "பாஸு இல்ல! நிறுத்து!" டீ கொண்டாந்தவரு தட்டோட அப்டியே நின்னுட்டாரு. சேர்மனு பயந்துபோயி, அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னு தள்ளி வச்சாரு. பக்கத்து சீட்டு பெரியவரு, எதிர்க்கட்சி கவுன்சிலரு, காதத் தடவிகினே சொன்னாரு:

"யம்மா, உனக்கு எதுக்குமா மைக்கு? அத்த எங்கள மாதிரி நோஞ்சானுக்குக் குடு."

வரிசைல வச்ச கொடம்

அடுத்த கூட்டம். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. என் ஒரு ஓட்ட வச்சிகினு இன்னாத்த கிழிக்கறது? காலைல நகராட்சி ஆபீசுக்குப் போறேன், பவுனக்காவும் தெருப் பொம்பளைங்களும் எனக்கு முன்ன வந்து, காலிக் கொடத்தோட மன்றத்துக்குள்ள நிக்கிறாங்க. பாக்க வரவங்களுக்குப் போட்ட பெஞ்சு கூட அன்னிக்கி இல்ல. "கொடத்த எங்க வைக்கிறது?"னு பவுனக்கா கேட்டா. கேட்டவ, பதிலுக்கு நிக்கல. கவுன்சிலருங்க நாற்காலி மேல ஆளுக்கொண்ணா வச்சிட்டாங்க. மேடைல சேர்மன் நாற்காலில ஒரு பச்சக் கொடம், பவுனக்காவோடது.

நகராட்சி கமிஷனர் உள்ள வந்தாரு. வெளியூர்க்காரரு, வந்து கொஞ்ச நாளுதான். "இதையெல்லாம் எடுத்து வெளியில வைங்க"ன்னு பியூனப் பாத்து சத்தம் போட்டாரு. பியூன் கைய பின்னால கட்டிகினாரு. வாட்ச்மேன் கூரையப் பாத்தாரு. கமிஷனருக்கு ஒண்ணும் புரியல.

எப்டிப் புரியும்? எங்க பக்கத்துல வரிசைல வச்ச கொடம்னா அது ஆளு. கொடத்துக்காரி வூட்ல சோறு பொங்கிகினு இருப்பா, சந்தைல மீன் வித்துகினு இருப்பா, கொடம் அவளுக்காக நிக்கும். ஊரான் கொடத்த நகத்துனவன் குடும்பத்தோட தெருவுல நடமாட முடியாது. கட்டுன புருசனே பொண்டாட்டி கொடத்த கேக்காம தொட மாட்டான். அங்க கீற கவுன்சிலருங்க எல்லாரும் லாரித் தண்ணி குடிச்சி வளந்தவங்க. ஒருத்தரு நாற்காலி வரைக்கும் கைய கொண்டு போயி, சுட்ட மாதிரி இழுத்துகினாரு. சேர்மன் மேடைக்கு ஏறுனாரு, பச்சக் கொடத்தப் பாத்தாரு, பக்கத்துல ஓரமா நின்னுகினாரு. "எங்கம்மா இருந்தா கொன்னுடும் சார்"னு கமிஷனர்கிட்ட மெதுவா சொன்னது என் காதுல வுழுந்திச்சி. எனக்குக் கண்ணு கலங்கிடிச்சி, சிரிப்பும் வந்திச்சி.

கூட்டம் நின்னுகினே நடந்திச்சி. போண்டா வந்திச்சி, குந்தித் தின்ன எடமில்லாம திரும்பிப் போச்சி. பைப்புல தெனம் தண்ணி வர வரைக்கும் லாரி நிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன். பெஞ்சத் தட்டக் கூட எவனும் குனியல, எதிர்க்கட்சி பெரியவரோட சேந்து எல்லாரும் கைய தூக்குனாங்க. அத்தோட கமிஷனர், "இப்பவாவது எடுக்கலாமாம்மா?"ன்னாரு. "லாரி வராம வரிசைய எப்டி சார் கலைக்கறது?"ன்னா பவுனக்கா. வேற வழி? லாரிய ஆபீசு வாசலுக்கே வரவச்சாங்க. டிரைவரு டியூப கைல புடிச்சிகினு, எந்தக் கொடம் மொதன்னு தெரியாம முழிக்கறாரு. பவுனக்கா படிக்கட்டுல நின்னு கொரல் குடுத்தா:

"சேர்மன் சீட்டுக் கொடம்தான்பா மொத வந்திச்சி, அத்த ரொப்பு! அப்றம் ஆளுங்கட்சி, அப்றம் எதிர்க்கட்சி, சண்ட போடாம வாங்கமே!"

கவுன்சிலரா இருந்த அஞ்சு வருசத்துல நான் பாத்ததுலயே சட்டுன்னு நல்லது நடந்த கூட்டம் அது ஒண்ணுதான், ஏன்னா அன்னிக்கி எங்க ஒருத்தருக்கும் குந்த நாற்காலி இல்ல.