நீண்ட வால் மீன்கள் இரண்டு

இலங்கைத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் பெயர் வந்து என் தங்கை செல்வி இந்தியா போன மாதம், ஹட்டன் டவுன் மீன் கடையில் நீண்ட வால் மீன்கள் இரண்டு வாங்கினேன். எங்கள் இருவருக்கும் நீண்ட சடை. அதனால் வால் நீண்டவை பெட்டை என்று நானே முடிவு கட்டி, அக்கா, தங்கச்சி என்று பெயர் வைத்து, மூடியில்லாத சின்னக் கண்ணாடித் தொட்டியில் விட்டேன்.

'அக்கா' மற்றதைத் துரத்திக்கொண்டே இருந்தது. லயத்து வீட்டு வாசலில் நாங்கள் ஓடிப்பிடித்து விளையாடியதுதான் எனக்கு நினைவு வந்தது. “ரெண்டும் பிரியாம வெளயாடுது” என்று செல்விக்குக் கடிதமும் போட்டேன்.

ஒருநாள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், 'தங்கச்சி' சிமெந்துத் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, தண்ணீரில் விட்டதும் பிழைத்தது. மறுநாளே கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். “ரெண்டுமே ஆம்பள மீனும்மா. ஆணுக்குத்தான் அந்த வாலு. சின்னத் தொட்டியில ஒண்ண ஒண்ணு வாழ விடாது. கடி தாங்காமதான் வெளிய பாஞ்சிருக்கு.”

இப்போதெல்லாம் எது எதோடு சேரும் என்று கேட்காமல் மீன் வாங்குவதில்லை. இந்த இரண்டையும் தனித்தனி மிட்டாய்ப் போத்தலில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டியிருக்கிறேன். ஒன்றையொன்று பார்த்தால் கண்ணாடியில் முட்டுகின்றன என்பதால், நடுவில் ஒரு தாளையும் நிறுத்தியிருக்கிறேன்.

அது செல்வியின் பதில் கடிதம். “நம்ம மீனுக ரெண்டும் இன்னும் ஒண்ணாத்தான இருக்கு, அக்கா?” என்று அதில் கேட்டிருக்கிறாள்.