நோட்டீஸில் இருந்த தையல்காரி

நான் வேலை பார்த்த அச்சுக்கூடம் செராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாட்டுத் தீவனக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே இருந்தது. முதலாளி நாகூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கல்யாணப் பத்திரிகை, கந்தூரி அறிவிப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்று எப்போதும் அச்சேறிக்கொண்டிருக்கும். எனக்கு எழுத்துக் கோக்கும் வேலை. கொஞ்சம் எழுதவும் வரும் என்பதால் நோட்டீஸ்களுக்கு வாசகமும் நானே எழுதுவேன். அதில் எனக்குக் கர்வம் அதிகம்.

ஒரு நாள் பட்டணத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். சீமையிலிருந்து தையல் மிஷின்களை வரவழைத்து விற்கும் கடைக்கு அவர் ஏஜெண்டு. கையில் ஒரு படம் வைத்திருந்தார். கவுன் போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து மிஷினில் தைக்கிறாள். அந்த இடத்தில் சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணைப் போட்டுத் தமிழில் நோட்டீஸ் வேண்டும் என்று மலாயில் சொன்னார். தமிழ் வீட்டுப் பெண்கள் மிஷின் வாங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

மரக்கட்டையில் படம் வெட்டும் சீனர் ஒருவர் எங்கள் தெருமுனையில் இருந்தார். அவர் இரண்டு நாள் சாலையோரம் நின்று, போகிற வருகிற பெண்களின் சேலைக்கட்டைப் பார்த்துக்கொண்டு போய் வெட்டிக் கொடுத்தார். முகம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் கட்டையில் எதையும் இடவலம் மாற்றி வெட்டினால்தான் தாளில் நேராக விழும். அவர் அவசரத்தில் பார்த்ததைப் பார்த்தபடியே வெட்டிவிட்டார். அதனால் தாளில் அந்தப் பெண்ணின் முந்தானை வலத் தோளில் விழுந்தது. மிஷினின் சக்கரமும் இடப்பக்கம் போய்விட்டது. எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. என் கவனமெல்லாம் வாசகத்தில் இருந்தது.

“இல்லத்தரசிகளுக்கு உகந்த நேர்த்தியான தையல் யந்திரம். வீட்டிலிருந்தபடியே சகல வஸ்திரங்களும் தைத்துக்கொள்ளலாம். பழக விரும்புவோருக்குக் கற்பிக்கப்படும்.” இதை எழுத எனக்கு ஒரு நாள் பிடித்தது. கடையின் பெயரும் விலாசமும் மேலே இங்கிலீஷிலேயே இருக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். வழக்கம்போல அடியில் எங்கள் அச்சுக்கூடத்தின் பெயரையும் தெருவையும் தமிழில் போட்டோம்.

கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதைத் தூண்களிலும், சந்தையிலும், டோபி காட்டில் சலவைக்காரர்கள் குடியிருந்த பக்கமும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மறுநாள் காலை நான் வேண்டுமென்றே வெற்றிலைக் கடையோரம் போய் நின்றேன். என் வாசகத்தை யாராவது மெச்சிக் கேட்க வேண்டும் என்று ஆசை.

டோபி காட்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் தூணுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

“வலத் தோள்ல முந்தானை போட்டிருக்கா பாரு. எங்கம்மா ஊர்ப் பக்கத்துக்காரிதான் இவ,” என்றாள் ஒருத்தி.

“ஐயோ பாவம். எதுக்குப் படம் போட்டு ஒட்டியிருக்காங்க? காணாமப் போயிட்டாளா?”

வெற்றிலைக் கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். “காணாமப் போனவ இப்படித் தலை சீவிப் பூ வெச்சுக்கிட்டா உக்காந்திருப்பா? நல்லாத்தான் இருக்கா. யாராச்சும் படிச்சுச் சொல்லுங்களேன்.”

சுருட்டு வாங்க வந்த ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘இல்லத்தரசி’யில் தடுமாறினார். ‘சகல வஸ்திரங்க’ளைத் தாண்டியே போய்விட்டார். “தையல் கத்துக் குடுக்கறாங்களாம்,” என்று முடித்தார்.

“யாரு, இவளா?”

“இவ படத்தத்தானே போட்டிருக்கு. அப்ப இவதான்.”

“எந்த இடத்துல?”

மேலே இருந்த இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. கடைசி வரியைப் படித்தார். அது எங்கள் அச்சுக்கூடத்தின் விலாசம்.

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வேலைக்குத் திரும்பினேன்.

அன்று மத்தியானமே மூன்று பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். “அந்த அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை என்றேன். அவர்கள் நம்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, மையும் ஈயமுமாகக் கிடப்பதைக் கண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு, “நாளைக்கு வர்றோம்னு சொல்லுங்க,” என்று போனார்கள். மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகைக்காரர் ஒருவர், பெண்சாதியை இழந்தவர், சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, படத்தில் இருக்கிற அம்மாளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று முதலாளியிடம் மெதுவாகக் கேட்டார். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாம் நாள் தையற்காரர் வந்தார். முதலாளியின் ஊர்க்காரர், அவரை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடுகிறவர், எங்கள் சந்திலேயே கடை வைத்திருந்தார். கையில் கிழித்தெடுத்த நோட்டீஸ்.

“என்ன நானா இது? நம்ம ஆளு நீங்களே எங்க பொழப்புல மண்ணப் போடலாமா? சக்கரத்த இந்தப் பக்கம் மாத்தி வெச்சிருக்கான். பொம்பளைங்களுக்குன்னு புதுசா மிஷின் வந்திருக்காமே? பஜார் பூரா இதே பேச்சு.”

அப்போதுதான் நாங்கள் சக்கரத்தைப் பார்த்தோம். நான் கட்டையைக் கொண்டுவந்து காட்டி, எல்லாம் இடவலம் மாறி விழுந்த கதையைச் சொன்னேன். அவருக்குப் பாதி சமாதானம்தான்.

“சரி, சக்கரம் போகட்டும். பொம்பளைங்க தைச்சா எங்ககிட்ட யாரு வருவா?”

“பொம்பளைங்களால மிஷின் மிதிக்க முடியுமாப்பா? எவ்வளவு நாளைக்கு?” என்றார் முதலாளி, ஆறுதலாகத்தான்.

“முடியுமாவா? பெருநாள் சமயத்துல எங்க வீட்டுலதான் பாதித் துணியத் தைக்கிறா. என்னைவிட நேரா ஓட்டுவா,” என்று வாய்விட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாசலில் அன்றைக்கும் ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

தையற்காரரின் மனைவியே அந்தப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கட்டும் என்று சாயங்காலத்துக்குள் முதலாளி அவரைப் பேசிக் கரைத்துவிட்டார். பெண்கள் தைக்கக் கற்றாலும் துணி வெட்ட அவ்வளவு சீக்கிரம் வராது, வெட்ட எல்லாரும் உன்னிடம்தான் வருவார்கள் என்று அவர் சொன்னதுதான் எடுபட்டது. அது பின்னால் உண்மையாகவும் ஆயிற்று.

நான் பட்டணத்துக்குப் போய்த் துரையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கடைக்கு ஒருத்தரும் வரவில்லை என்று வருத்தத்தில் இருந்தார். “எல்லாரும் தப்பாகவே படித்திருக்கிறார்களே,” என்றார். நானும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாசலில் நின்ற முகங்களைப் பார்த்த பிறகு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. “துவான், அவர்கள் கேட்டது ஒரு பெண்ணைத்தான். அவளைக் கொடுத்தால் மிஷினையும் பார்ப்பார்கள்,” என்றேன். சற்று யோசித்தவர், மறுவாரம் ஒரு மாட்டுவண்டியில் இரண்டு மிஷின்களைத் தையற்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

தையற்காரரின் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தாயார் மலாய்க்காரி. பேச்சில் இரண்டு பாஷையும் கலந்து வரும். வீட்டுப் பின்கட்டில், வாரத்துக்கு இரண்டு மத்தியானம், ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் கற்றுக் கொடுத்தார். முதல் நாள் போன பெண்கள், “படத்துல இருக்கறது நீங்க இல்லையே?” என்று கேட்டார்களாம். “நான் இல்ல லா. அவளுக்கு மிஷினு முன்னால சும்மா உக்காரத்தான் தெரியும். எனக்குத் தைக்கத் தெரியும்,” என்றாராம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மனைவி. அவளும் அங்கே போனாள். ஊரிலிருந்து வந்து ஒரு வருஷமாகியும் அவளுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. நான் வேலைக்குப் போனால் பேச்சுக்கு ஆள் கிடையாது. அவளுக்கு நோட்டீஸை நான்தான் பெருமையாகப் படித்துக் காட்டியிருந்தேன். என் வாசகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “அவ பக்கத்துல ஒரு ஜன்னல் இருக்கு. வெளிச்சமா இருக்கு,” என்று மட்டும் சொன்னாள். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. எல்லாரும் பார்த்த அதே படத்தில் அவள் பார்த்தது அது. நான் தாளை மடித்து வைத்தேன்.

இப்போது மத்தியான வகுப்பு முடிந்து வரும் நாள்களில் அவள் ஓயாமல் பேசினாள். யார் விரலில் ஊசி ஏறியது, யார் நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆசிரியை எப்படி “பெலான்-பெலான், மெதுவா மிதிங்க” என்று கத்துகிறார் என்று நடித்துக் காட்டுவாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்துத் துரை இரண்டாவது நோட்டீஸ் கேட்டார். இந்தமுறை நான் பிழை பார்க்க ஒரு தாளை மட்டும் அடித்து, மொத்தமாக அச்சுக்குக் கொடுக்காமல் மனைவியிடம் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினேன். அங்கே எழுத்துத் தெரிந்த ஒருத்தி வாசித்துக் காட்டினாளாம்; அது திரும்பி வந்தபோது அதில் பாதி வார்த்தைகள் மேல் கோடு விழுந்திருந்தது.

“‘சகல வஸ்திரங்களும்’னா என்னன்னு கேக்கறாங்க. ரவிக்கை, சட்டை, குழந்தைக்குக் கவுன்னு போடச் சொன்னாங்க,” என்றாள் மனைவி.

“சரி.”

“‘கற்பிக்கப்படும்’னு போட்டா வாத்தியார் பிரம்போட நிக்கற மாதிரி இருக்காம். ‘வாங்க, கத்துக்கலாம்’னு போட்டா என்னவாம்?”

எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அப்படியே கோத்தேன். தையற்காரர் வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் மேலே போட்டேன். அந்த நோட்டீஸைப் பார்த்து எங்கள் அச்சுக்கூடத்துக்கு ஒருவரும் வழிதவறி வரவில்லை.

அந்த வருஷ தீபாவளிக்கு அவள் எனக்கு ஒரு சட்டை தைத்தாள். துணி வெட்டியது தையற்காரர், மற்றதெல்லாம் அவள். கழுத்து சற்றே இறுக்கம். அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். முதலாளி பார்த்துவிட்டு, “புதுசா இருக்கே, எங்க தைச்சது?” என்றார்.

“வீட்டுல,” என்றேன். கழுத்துப் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டுக்கொண்டு எழுத்துப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன்.